முள் பொய் சொல்வதாக ஒரு புகார்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் வந்தது, மழை பெய்யும்போது ஜன்னலோரம் வந்தது என்றெல்லாம் எழுத்தாளர்கள் மேடையில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இது தொலைபேசியில் வந்தது, அதுவும் தப்பான எண்ணுக்கு. அந்தத் தப்பான எண் என்னுடையது.

என் மைத்துனன் அச்சகத்தில் லே-அவுட் வேலை செய்கிறான். மினி டிராக்டர் விற்கும் ஒரு நிறுவனத்துக்குத் தமிழில் கையேடு வேண்டும் என்று அவன்தான் என்னை இழுத்துவிட்டான். "மாமா, உங்க கதையைத்தான் யாரும் படிக்கிறதில்லை. இதையாவது படிப்பாங்க" என்றான். அக்கா வீட்டுக்காரர் என்ற மரியாதை அவனிடம் அவ்வளவுதான். டிராக்டரோடு எனக்கு இருந்த பழக்கமெல்லாம் சாலையில் அதை முந்திச் சென்றதுதான். இருந்தாலும் நிறுவனம் தந்த குறிப்புகளை வைத்து எழுதிவிட்டேன். பின்பகுதியில் மூன்று கட்டங்களாக ஓர் அட்டவணை: கோளாறு, காரணம், தீர்வு. எழுதி முடித்ததும் எனக்கே பொறாமையாக இருந்தது. என் கதை எதிலும் இந்த மூன்றும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை.

கடைசிப் பக்கத்தில், 'மேலும் உதவிக்கு' என்று ஓர் எண் வர வேண்டும். நிறுவனம் எண்ணைத் தர மறந்துவிட்டது. "இப்போதைக்கு உங்க நம்பரைப் போட்டு வைக்கிறேன் மாமா, எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு பாக்கணும். அப்புறம் மாத்திடலாம்" என்றான் மைத்துனன். எங்கள் தொழிலில் இப்போதைக்கு என்று வைத்ததுதான் கடைசிவரை நிற்கும்; அப்புறம் என்பது வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கையேடு அச்சாகி, டிராக்டருக்கு ஒன்றாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

இத்தனை வருடக் கதை எழுத்தில் ஒரு வாசகர் என்னைக் கூப்பிட்டதில்லை. கையேடு வெளிவந்த வாரமே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

*சிவப்பு நிற டிராக்டர் அதிகாலைப் பனியில் ஒரு* —

என்ன ஒரு? நான் அந்த டிராக்டரைப் பார்த்ததே இல்லை. நிறமும் தெரியாது. பனி பெய்யும் இடமா என்றும் தெரியாது. அடித்தாயிற்று.

*நான் ஒரு முள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வசிக்கிறேன். என்னை நம்பாத ஒருவர்* —

பள்ளிக்கூடத்தில் 'குடை தன் வரலாறு கூறுதல்' எழுதிப் பரிசு வாங்கியவன் நான். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. இதுவும் அடித்தாயிற்று.

*ஒரு மனைவி தன் கணவனுக்காக என்னிடம் ஒரு பொய் கேட்டு வந்தாள்.*

இது நல்ல வாக்கியம். ரொம்ப நல்ல வாக்கியம், அதனால்தான் சந்தேகம். வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே விஷயத்தைப் போட்டு உடைக்கிறது. இதை ஓரமாக எடுத்து வைக்கிறேன். வழியில் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, நடந்தது நடந்தபடி. போன் அடித்தது.

3

"டிராக்டர் கம்பெனியா?" ஒரு பெண் குரல்.

"இல்லைம்மா, நம்பர் தப்பா அச்சாகிடுச்சு. நான் கதை எழுதுறவன்."

"பரவாயில்லை சார். ஆர்பிஎம் மீட்டர் பொய் சொல்லுது."

அந்தப் 'பரவாயில்லை'யில்தான் நான் விழுந்தேன். கதை எழுதுகிறவன் என்று தெரிந்த பிறகு யாரும் என்னிடம் இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டதில்லை.

(ஆர்பிஎம் மீட்டர் என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. ஓட்டுபவர் முன்னால் ஒரு வட்டம், அதில் ஒரு முள். கையேட்டில் நான் அதற்குச் 'சுழற்சிமானி' என்று பெயர் வைத்தேன். வைத்த அன்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெருமை. இதுவரை கூப்பிட்ட ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை.)

"மீட்டர் காட்டவே மாட்டேங்குதா, இல்லை தப்பாக் காட்டுதா?" என்று கேட்டேன். இது என் அறிவில் வந்த கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். அட்டவணையின் முதல் வரி. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

"கூடுதலாக் காட்டுதாம். எஞ்சின் மெதுவாத்தான் ஓடுது, முள்ளு மட்டும் மேல போயிடுதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"ஓட்டுறது அவரு சார். அவர் சொல்றதைத்தான் நானும் சொல்ல முடியும்."

இந்தப் பதிலை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது. எழுதுவதில் இது ஒரு வசதி, மண்டையில் உறைக்காததெல்லாம் பேனாவில் உறைக்கும்.

அவர்கள் நர்சரி நடத்துகிறார்கள். பூச்செடி, பழக்கன்று, வேலிச்செடி. நிழல்வலைக் கொட்டகைக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் வரிசை வரிசையாக. பைகளை நிரப்ப மண்ணும் மணலும் எருவும் கலக்க வேண்டும். அதற்கு ஒரு டிரம். டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுழல் தண்டில் அதை மாட்டுவார்கள். கணவர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டர் லீவரைக் கையில் வைத்துக்கொள்வார். நர்சரியம்மா (இனி அவரை இப்படியே அழைக்கிறேன்) பின்னால் நின்று மண்வெட்டியால் அள்ளி, சுற்றும் டிரம்முக்குள் போடுவார். அவருக்குக் கணவரின் முதுகு தெரியும். கணவருக்கு மீட்டர் தெரியும்.

மீட்டரில் சின்னதாக ஒரு கோடு உண்டு. முள் அதில் நின்றால் டிரம் சரியான வேகத்தில் சுற்றுகிறது என்று அர்த்தம். தாண்டினால் மண் கலக்காமல் டிரம்மின் சுவரிலேயே அப்பிக்கொண்டு சுற்றும்.

"ஃபியூஸ் பாத்தீங்களா?"

"நல்லா இருக்கு."

"மீட்டருக்குப் பின்னால ஒயரை இணைக்கற கப்ளர் ஒண்ணு இருக்கும். கழட்டி மாட்டிப் பாருங்க."

"மாட்டிட்டேன் சார். துரு இல்லை, லூசும் இல்லை."

"ஆல்டர்னேட்டர்லேருந்து வர்ற ஒயரு? பெல்ட்டு தொய்வா இருக்கா?"

"ஒயரை முழுசாத் தடவிப் பாத்துட்டேன். பெல்ட்டைக் கட்டை விரலால அமுக்கிப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

ஒவ்வொரு காரணத்தையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். டாக்டர் வேலைக்குப் போயிருக்கலாமோ என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. அட்டவணை தீர்ந்துபோனது.

"அதுக்கப்புறம் சார்?"

"அதுக்கப்புறம், 'தகுதி பெற்ற மெக்கானிக்கை அணுகவும்'னு போட்டிருக்கும்மா."

"அவரும் வந்துட்டுப் போயிட்டாரு."

4

இங்கே நர்சரியம்மாவின் கணவரை அறிமுகப்படுத்தியாக வேண்டும். அவர் மேல் எனக்கே நம்பிக்கை போதவில்லை. முதல் படியில் ஒல்லியாக எழுதினேன். அடுத்த படியில் தொப்பை வைத்தேன். அதற்கடுத்ததில் மீசையை எடுத்துவிட்டேன். நர்சரியம்மாவிடமே கேட்டிருக்கலாம், ஆனால் "உங்க வீட்டுக்காரர் குண்டா, ஒல்லியா?" என்று எந்த டிராக்டர் கம்பெனி கேட்கும்?

எனக்குத் தெரிந்தது இதுதான். அந்த வட்டாரத்தில் அவருக்கு ஸ்டெதஸ்கோப் என்று பெயர். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், தையல் மிஷின் எது மக்கர் செய்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள். வருவார், தொட மாட்டார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். "பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே, "இது ரொம்ப நாள் தாங்காது" என்று சொல்லி, அந்த வாரமே அது நின்றுபோய், அந்த வீட்டுக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். கண் பட்டது கேள்விப்பட்டிருக்கிறோம், காது பட்டது இவர் ஒருவருடையதுதான்.

இப்படிப்பட்ட மனிதரை ஒரு முள் எதிர்த்துப் பேசுகிறது. அவர் யாரை நம்புவார்?

மெக்கானிக்குக்கும் பட்டப்பெயர் உண்டு: பத்து நிமிஷம். எப்போது கூப்பிட்டாலும், "பத்து நிமிஷத்துல வர்றேன்க்கா" என்பார், மறுநாள் வருவார். வந்து மீட்டரையே மாற்றினார். புது மீட்டரும் பழையது காட்டிய எண்ணையே காட்டியது. பிறகு கையடக்கமான கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். எஞ்சின் கப்பியில் பளபளப்பான ஸ்டிக்கரை ஒட்டி, அதன்மேல் ஒளி அடித்தால், சுற்றை எண்ணிச் சொல்லிவிடும். அதுவும் முள் சொன்னதையே சொன்னது.

"பாருங்கண்ணே, ரெண்டும் ஒண்ணாத்தானே காட்டுது" என்றாராம் பத்து நிமிஷம்.

ஸ்டெதஸ்கோப் பார்த்தாராம். தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டாராம். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம்.

5

அடுத்த முறை நர்சரியம்மா கூப்பிட்டபோது நான் கொஞ்சம் தேறியிருந்தேன். "எஞ்சினை ஓட விட்டு, ஒயரை லேசா ஆட்டிப் பாருங்கம்மா. முள் துள்ளினா எங்கேயோ லூசுன்னு அர்த்தம்" என்றேன். இது அட்டவணையில் இல்லாதது. மற்ற அழைப்பாளர்களிடமிருந்து கற்றுக்கொண்டது.

"இருங்க சார், அவர்கிட்ட ஓட்டச் சொல்றேன். போனை வச்சிடாதீங்க."

எஞ்சின் கிளம்பியது. முதலில் ஒரு முனகல். பிறகு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அப்புறமும் ஏறியது. அந்த அலறலுக்கு நடுவே, ரொம்ப நிதானமாக, ஓர் ஆண்குரல் கேட்டது:

"ஏறவே மாட்டேங்குது பாரு! முள்ளு எங்க நிக்குது, எஞ்சின் எங்க கிடக்குது! தூங்குதும்மா இது!"

*என் மேசையில் இருந்த டீ டம்ளர் அந்தச் சத்தத்தில்* —

நடுங்கியது என்று எழுத ஆசைதான். போனில் வரும் சத்தத்துக்கு டம்ளர் நடுங்காது. நடுங்கியது நான். எங்கேயோ ஒரு மாடி அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்பது, அந்த எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கவில்லை.

"அம்மா, எஞ்சின் கத்துதேம்மா."

"ஆமா சார்."

"அப்ப அவருக்கு..."

"ஆமா சார்" என்றார் நர்சரியம்மா. குரலில் துளி ஆச்சரியம் இல்லை. "அப்புறம் பேசறேன்."

(டிராக்டர் தெரிந்த வாசகர் இங்கே குறுக்கிடுவார். சத்தம் கிடக்கட்டும் ஐயா, எஞ்சின் அப்படி ஓடினால் இருக்கையே உதறுமே, அதுகூடவா தெரியாது? உதறியது. இருக்கைக்கு அடியில் ரப்பர் போய்விட்டது என்று ஸ்டெதஸ்கோப் தீர்ப்புச் சொல்லி, அதையும் பத்து நிமிஷத்தை விட்டு மாற்றியிருந்தார். மனிதன் ஒன்றை நம்பக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால், அதற்குத் தேவையான உதிரி பாகங்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.)

6

மறுநாள் மதியம் நர்சரியம்மா கூப்பிட்டார். கணவர் வெளியே போயிருக்கிறார் என்றார்.

"நீங்களும் கேட்டுட்டீங்கல்ல. எனக்குத்தான் பிரமையோன்னு நினைச்சேன் சார். இன்னொரு ஆள் கேக்கணும்னுதான் ஓட விட்டேன்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியல சார். முதல்ல டிவி சத்தம் கூடுச்சு. அப்புறம் காலிங் பெல். நான் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. ஆனா அது கல்யாணம் ஆன நாள்லேருந்தே அப்படித்தான். அதனால ரொம்ப நாள் கண்டுபிடிக்க முடியல."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமே?"

"போகலாம்னு சொன்னேன். 'ஏன், உனக்கு என்ன பண்ணுது?'ன்னு கேட்டு, என்னைக் கூட்டிட்டுப் போயி எனக்குச் சத்து மாத்திரை வாங்கிக் குடுத்தாரு."

"நேராச் சொல்லிட வேண்டியதுதானேம்மா."

"யாருகிட்ட, ஸ்டெதஸ்கோப்புகிட்டயா?" அந்தப் பட்டப்பெயரை நான் அப்போதுதான் முதலில் கேட்டேன். "காது போச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் அவரு யாரு சார்? நர்சரியை நான் பாத்துக்கறேன், கணக்கு வழக்கு நான், வியாபாரம் நான். அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

அட்டவணையைப் பார்த்தேன். இதற்கு அதில் வரி இல்லை.

"போன வாரம் மண்வெட்டி டிரம்முல மாட்டிக்கிச்சு" என்றார். "நான் பிடியை விடல. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தறேன். எனக்கு அவரு முதுகு தெரியுது. அந்த முதுகு அசையவே இல்லை சார். மண்ணு சரியாக் கலக்கல, வேகம் போதலன்னு நினைச்சு லீவரை இன்னும் கொஞ்சம் ஏத்தறாரு. நான் கையை விட்டுட்டேன். பிடி ரெண்டா உடைஞ்சு உள்ள போயிடுச்சு."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கீழ போட்டு நானே உடைச்சிட்டேன்னு சொன்னேன். பாத்து வேலை செய்ய மாட்டியான்னு ஒரே திட்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. அந்தக் கையை நான் பார்த்ததில்லை; ஆனால் கப்ளரைக் கழற்றியது, ஒயரைத் தடவியது, பெல்ட்டை அமுக்கியது எல்லாம் நான் சொல்லச் சொல்ல அந்தக் கைதான். எனக்கு அது பழக்கமான கையாகிவிட்டிருந்தது.

"உங்களால ஒரு உதவி ஆகணும் சார். அவரு மனுஷங்க சொன்னா கேக்க மாட்டாரு. அச்சுல இருந்தா நம்புவாரு. உங்க புத்தகத்தை வரி விடாமப் படிச்சிருக்காரு. அதுல ஒரு வரி சேருங்க. சில நேரம் முள்ளு சரியா இருந்தாலும் எஞ்சின் சத்தம் கம்மியாக் கேக்கும், அப்ப முள்ளைத்தான் நம்பணும்னு. எஞ்சின் மேல பழி போடுங்க, மீட்டர் மேல போடுங்க, கம்பெனி மேலகூடப் போடுங்க. அவர் மேல மட்டும் வேண்டாம்."

"இல்லாததை எப்படிம்மா எழுதறது?"

"நீங்கதானே சார் கதை எழுதறவர்னு சொன்னீங்க?"

(ஓரமாக வைத்த வாக்கியத்தை இங்கே எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். ஒரு மனைவி தன் கணவனுக்காக என்னிடம் ஒரு பொய் கேட்டு வந்தாள். பொருந்துகிறது. ஆனால், இத்தனை பேசிய பிறகு அது ஏதோ மேடையில் கைதட்டல் வாங்க எழுதியது போல இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன்.)

7

கையேடு மறு அச்சுக்குப் போக இருந்தது. எண் தப்பாக இருப்பதை நிறுவனம் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. ஆக, ஒரு வரி சேர்க்க வாய்ப்பு உண்டு. உட்கார்ந்தேன்.

*கோளாறு: முள் சரியாக இருந்தும் எஞ்சின் சத்தம் குறைவாகக் கேட்பது.*
*காரணம்: சைலன்சரின் உயர்ந்த தரம்.*

படித்த கையோடு சைலன்சரைக் கழற்றி எறிந்துவிடுவார். அடித்தேன்.

*காரணம்: காற்றில் ஈரப்பதம்.*

வெயில் காலம் வந்ததும் லீவரை மறுபடி ஏற்றுவார். அடித்தேன்.

*காரணம்: ஓட்டுநரின்* —

இங்கே பேனா நின்றுவிட்டது. நின்ற இடத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நான் எவ்வளவு அழகான பொய் எழுதினாலும், அவர் அதை நம்பி முள்ளைக் கோட்டிலேயே நிறுத்தினாலும், டிரம் சரியான வேகத்தில்தான் சுற்றும், சுற்றாமல் இருக்காது. மண்வெட்டி மறுபடி மாட்டும். நர்சரியம்மா மறுபடி கத்துவார். முதுகு முதுகாகவே இருக்கும். கேட்ட பொய்யைக் கொடுத்தால் மீட்டர் பிழைக்கும், கை பிழைக்க உத்தரவாதம் இல்லை.

சரி, வரியைக் கதையின் பக்கமிருந்து பிடிக்கலாம் என்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். மனைவி பயந்துவிடக் கூடாது என்று அவர் மீட்டர் மேல் பழி போடுகிறார். அவர் மனம் நோகக் கூடாது என்று மனைவி மீட்டரைப் பழுது பார்க்கிறார். இருவரும் கண்ணீர் மல்க... இதை நீங்கள் எங்கேயாவது படித்திருப்பீர்கள். நானே எங்கேயாவது எழுதியிருப்பேன்.

(ஆ) ஒரு நாள் மண்வெட்டிக்குப் பதிலாக நர்சரியம்மாவின் சட்டைக் கை —

இந்த முடிவை நான் எழுத மாட்டேன். இப்படி எழுதினால் கதைக்குக் கனம் கூடும் என்று தெரியும். கூட வேண்டாம்.

(இ) காதில் மாட்டும் மெஷின் வாங்குகிறார்கள். மாட்டியதும் அவர் முதலில் கேட்பது மனைவி குரல். இதை மைத்துனனிடம் படித்துக் காட்டினேன். அவன் கண் கலங்கிவிட்டான். அவன் கண் கலங்கிய எதுவும் இதுவரை தேறியதில்லை என்பதால் இதையும் விட்டுவிட்டேன்.

8

இந்த நிலையில், என் கதாபாத்திரமே என்னைக் கூப்பிட்டார்.

"புத்தகக் கம்பெனியா? நர்சரியிலேருந்து பேசறேன். மினி டிராக்டர் வச்சிருக்கேன். உங்க புத்தகத்துல பெல்ட் படம் தலைகீழா அச்சாகியிருக்கு, கவனிச்சீங்களா? கவனிச்சிருக்க மாட்டீங்க. அது போகட்டும். ஆயில் மாத்தற பக்கத்துல ரெண்டாவது வரியையும் மூணாவது வரியையும் மாத்திப் போட்டிருக்கீங்க. அது போகட்டும். சுழற்சிமானின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க, நல்ல வார்த்தை. அது இருக்கட்டும்."

(என் சொல்லை உலகத்தில் ஒருவர் உச்சரித்துவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த பாசத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?)

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவர் போனில் எப்படிச் சமாளிக்கிறார் என்று அப்போது புரிந்தது. எதிராளிக்கு இடம் விட்டால்தானே கேட்க வேண்டிவரும்.

"எல்லாம் சரி. ஒண்ணு குறையுது. முள்ளு தப்பாக் காட்டினா என்ன செய்யணும்னு ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கீங்க. முள்ளு சரியாக் காட்டினா என்ன செய்யணும்னு போடவே இல்லையே?"

நிறுத்தினார். முதல் தடவையாக இடம் விட்டார்.

தெரிந்துதான் கேட்கிறாரா? முடிவு (அ)வை நான் கிண்டல் செய்து தள்ளியது தப்போ? யோசிக்க நேரமில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று தெரியாது.

"சார்" என்றேன், "டிரம் ஓடும்போது அம்மா உங்களுக்குப் பின்னால நிக்கறாங்க. லீவரைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பாருங்க. ஒவ்வொரு தடவையும்."

கத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கத்தினால், உங்களுக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியும் என்று சொன்னது போலாகிவிடும். அதனால் சாதாரணக் குரலிலேயே சொன்னேன்.

"சரி சரி" என்றார். "வச்சிடறேன்."

கேட்டுவிட்டுச் சொன்ன சரி சரியா, போனை வைப்பதற்கு எல்லோரும் சொல்லும் சரி சரியா? நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

9

அதன் பிறகு நர்சரியம்மா ஒரு தடவை கூப்பிட்டார்.

"நீங்க அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா சார்?"

"ஏன்மா?"

"லீவரைத் தொடறதுக்கு முன்னாடி திரும்பிப் பாக்கறாரு. ஒவ்வொரு தடவையும். நான் கையைத் தூக்கினா உடனே நிறுத்திடறாரு. என்னங்க புதுசா இருக்குன்னு கேட்டேன். 'மீட்டர் சரியில்லைல்ல, அதான்'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா, மீட்டர் சரியில்லைதான்னேன். இத்தனை வருஷத்துல வேலை நேரத்துல அவரு என் மூஞ்சியைப் பாத்ததே இல்லை சார். எனக்கே வெக்கமா இருக்கு."

நான் சந்தோஷத்தில் ஏதோ உளறினேன். என் ஒரு வாக்கியம் ஒருவர் கழுத்தைத் திருப்பியிருக்கிறது! எந்தக் கதையிலும் எனக்கு இது நடந்ததில்லை. அதை அனுபவிக்க அவர் விடவில்லை.

"இன்னொண்ணு சார். டிரம்மை அவரே கழுவியிருக்காரு. உள்ள அந்த மண்வெட்டிப் பிடித் துண்டு இருந்திருக்கு போல. அதைத் துடைச்சுக் கொட்டகை மூலையில சாத்தி வச்சிருக்காரு. என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல."

கீழே போட்டு உடைந்த பிடி டிரம்முக்குள் எப்படிப் போனது என்று யோசிக்க, காது தேவையில்லை. ஆக, அவரைத் திருப்பியது என் வாக்கியமா, அந்தக் கட்டையா? எழுத்தாளன் என்ற முறையில் வாக்கியத்தின் பக்கம் சாய எனக்கு ஆசை. கட்டைக்கு அப்படி ஆசை எதுவும் இல்லை, அதனால் அதன் சாட்சியம்தான் கொஞ்சம் வலுவானது.

"அப்ப அந்த வரி இனிமே வேண்டாமாம்மா?"

"வேணும் சார். வேகத்தை இன்னமும் ஏத்திக்கிட்டேதான் இருக்காரு. புதுப் புத்தகம் எப்ப வருதுன்னு தினம் கேக்கறாரு. உங்ககிட்ட ஏதோ கேள்வி கேட்டாராம், அதுக்குப் பதில் அதுல வரும்ங்கறாரு."

ஆக, பதில் வர வேண்டும். மைத்துனன் பக்கத்தை வடிவமைத்து அனுப்பிவிட்டான். அட்டவணையின் கடைசி வரி இப்போது இப்படி இருக்கிறது:

கோளாறு: முள் சரியாகக் காட்டுகிறது. ஓட்டுபவருக்கு அப்படித் தோன்றவில்லை.

காரணம்:

தீர்வு: முள்ளைக் கோட்டில் நிறுத்தவும். லீவரைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கவும்.

"மாமா, நடுக் கட்டம் காலியா இருக்கு" என்றான் மைத்துனன். "இப்போதைக்கு எதையாவது போட்டு வைக்கட்டுமா?"

"வேண்டாம்டா மாப்ளே. நீ போட்டா அது நின்னுடும்."

"கடைசிப் பக்கத்து நம்பர்? மாத்திடவா?"

"அது இப்போதைக்கு இருக்கட்டும்."

அச்சுக்குப் போகும் நாள் நெருங்குகிறது. காரணம் எனக்குத் தெரியும்; நர்சரியம்மாவுக்குத் தெரியும்; மூலையில் சாத்தியிருக்கும் கட்டையைப் பார்த்தால் அவர் கணவருக்கும் தெரிந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தெரிந்ததை அச்சில் பார்ப்பது வேறு விஷயம். உண்மையை எழுதினால் ஸ்டெதஸ்கோப் என்று ஒருவர் அதோடு இல்லாமல் போகலாம். பொய்யை எழுதினால் அது எத்தனை மழைக்குத் தாங்கும் என்று தெரியாது. காலியாக விட்டால், கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தது போல. நான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், கதையும் இந்தக் கட்டத்தைத் தாண்டி நகர மறுக்கிறது.

ஆகவே கட்டத்தை உங்களிடம் தருகிறேன். இடம் கொஞ்சம்தான், சின்ன எழுத்தாக எழுதினால் ஒரு வரி பிடிக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் வரி விடாமல் படிப்பார். கண் அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பார்த்து எழுதுங்கள்.